‘டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்’: மூன்றாம் பக்கத்தில் எழுந்து போனவர்கள் திரும்பி வாருங்கள்

அல்சூர் ஏரிக்கரை | வெள்ளி, இரவு 11:20

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நண்பரை வீட்டுக்குக் கூப்பிட்டு பிரிட்டிஷ் ராக் குழுவான யெஸ்ஸின் இந்த ஆல்பத்தைப் போட்டேன். முதல் பக்கத்தை ரசித்தார். இரண்டாம் பக்கத்தில் கொஞ்சம் கண் அயர்ந்தார். மூன்றாம் பக்கம் ஆரம்பித்து ஐந்து நிமிடம் ஆகியிருக்கும், “இதற்கு மேல் என்னால் முடியாதுப்பா” என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. பதினெட்டு வயதில் நானும் அதே இடத்தில்தான் நிறுத்தினேன். அதற்கப்புறம் பத்து வருடம் இந்த ஆல்பத்தைத் தொடவில்லை. அந்தப் பத்து வருடத்தை நினைத்து இன்றும் வருத்தப்படுகிறேன், அதனால்தான் இந்த இழை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1973 டிசம்பரில் பிரிட்டனில் வெளிவந்த இரட்டை எல்பி, அதாவது இரண்டு இசைத்தட்டு. நான்கு பக்கம், பக்கத்துக்கு ஒரே ஒரு பாட்டு. எல்லாம் சேர்த்து 81 நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய. பாட்டு ஜான் ஆண்டர்சன், கிட்டார் ஸ்டீவ் ஹவ், பேஸ் கிறிஸ் ஸ்குவயர், கீபோர்டு ரிக் வேக்மன். டிரம்ஸில் ஆலன் வைட், யெஸ்ஸோடு அவர் வாசித்த முதல் ஸ்டூடியோ ஆல்பம் இது. பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் ஆறாமிடம் வரை போனது. ஆனாலும் ப்ராக் ராக் (நீண்ட, சிக்கலான அமைப்புள்ள ராக் வகை) என்றாலே “நீளம், தலைக்கனம்” என்று சொல்பவர்கள் முதலில் கை நீட்டுவது இதைத்தான்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். மூன்றாம் பக்கமான ‘தி ஏன்ஷியன்ட்’ தான் இந்த ஆல்பத்தின் மையம். அதைத் தாண்டாமல் போனால் நாலாம் பக்கத்தின் கடைசியில் வரும் அந்த அமைதி வெறும் இனிமையான பாட்டாக மட்டும் காதில் விழும். தாண்டி வந்தவருக்கு அது வேறு. மழையில் நனைந்தபடி வீடு வந்து சேர்ந்தவனுக்குக் காய்ந்த துண்டு எப்படியோ, அப்படி.

சின்ன வயதில் அப்பா என்னைப் பெங்களூர் சாம்ராஜ்பேட்டை கோட்டை ஹைஸ்கூல் மைதானத்துக்குக் கூட்டிப்போவார். ராமநவமிக் கச்சேரிகள். பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, ஏப்ரல் மாதப் புழுக்கம். ராகம் தானம் பல்லவி ஒரு மணி நேரத்தைத் தாண்டிப் போகும், அப்போது யாரும் கடிகாரத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. அங்கே உட்கார்ந்து பழகிய காது நமக்கு இருக்கிறது. அந்தக் காதோடு இந்த ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

---

ஹெப்பால்வாசி | சனி, காலை 7:05

அருமையான பதிவு சார். ஆனால் உடன்பட முடியவில்லை. சில்க் போர்டிலிருந்து ஹெப்பாலுக்குப் பேருந்தில் போகிறவன் நான். 81 நிமிடம் எனக்குப் பெரிய விஷயமே இல்லை, வெளிவட்டச் சாலை அதை விட அதிகமாகவே கேட்கும். இந்த ஆல்பத்தை அந்தப் பயணத்தில் நாலைந்து தடவை முழுசாகக் கேட்டிருக்கிறேன். என் குறை நீளத்தைப் பற்றியது இல்லை, நிரப்பலைப் பற்றியது.

இதைச் சொன்னது குழுவில் இருந்த வேக்மனே. ஒரு எல்பிக்கு அதிகமாகவும் இரண்டு எல்பிக்குக் குறைவாகவும் சரக்கு இருந்தது, அதனால் இழுத்து நிரப்பினோம் என்பது அவருடைய நிலை. எல்பியில் ஒரு பக்கத்துக்குச் சுமார் இருபது நிமிடம். அதற்கு மேல் நெருக்கினால் வரிப்பள்ளங்கள் ஒடுங்கி ஒலியின் கனம் போய்விடும். நான்கு பாட்டு, நான்கு பக்கம் என்று முடிவெடுத்த பிறகு ஒவ்வொன்றும் இருபது நிமிடத்தைத் தொட்டாக வேண்டிய கட்டாயம். பதினான்கு நிமிடத்தில் முடிய வேண்டியது இருபதுக்குப் போகிறது. இரண்டாம் பக்கம் அதற்கு நல்ல சாட்சி. வேக்மன் 1974 மே மாதம் குழுவை விட்டே போய்விட்டார். உள்ளே இருந்து வாசித்தவரின் பேச்சுக்கு ஒரு மதிப்பு வேண்டாமா?

அப்புறம் ராகம் தானம் பல்லவியோடு ஒப்பிட்டீர்கள். அங்கே பாடகர் அந்த நேரத்தில் உருவாக்குகிறார், அடுத்த சங்கதி என்ன என்று அவருக்கே முன்கூட்டித் தெரியாது. இது ஸ்டூடியோவில் ஒட்டிச் சேர்த்த இசை. இரண்டும் ஒன்றா?

---

அல்சூர் ஏரிக்கரை | சனி, காலை 9:40

ஹெப்பால்வாசி, கடைசிக் கேள்வி நியாயமானது. ஒன்றில்லைதான். நான் ஒப்பிட்டது வாசிப்பவரை அல்ல, கேட்பவரை. “நல்ல இடம் எப்போது வரும்” என்று காத்திருக்காமல் இருக்கும் பழக்கத்தைச் சொன்னேன்.

இரண்டாம் பக்கத்தின் நடுவில் நாலைந்து நிமிடம் தளர்வு இருக்கிறது, அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிரப்பல் என்ற வார்த்தையை ஆல்பம் முழுவதற்கும் போட முடியாது. 1973 தொடக்கத்தில் சுற்றுப்பயணம் போய்க்கொண்டிருந்தபோது ஆண்டர்சனும் ஹவ்வும் ஹோட்டல் அறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துக்கொண்டு இதைக் கட்டினார்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து சவானாவில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து, விடியும்போது நான்கு பக்கத்துக்கும் உருவம் கொடுத்துவிட்டார்கள். நான்கு என்ற எண் முதலில் வந்தது, எல்பியின் பக்கம் பிறகு வந்து அதில் பொருந்தியது.

அந்த நான்கு எங்கிருந்து வந்தது என்பது நம் ஆட்களுக்குச் சுவையான கதை. 1973 மார்ச்சில் பில் புரூஃபோர்டின் கல்யாணம். புரூஃபோர்டு யெஸ்ஸின் பழைய டிரம்மர், அதற்குள் கிங் கிரிம்சன் என்ற இன்னொரு ராக் குழுவுக்குப் போயிருந்தார். அந்த விருந்தில் கிரிம்சனின் இன்னொரு தாளக் கலைஞர் ஜேமி மியூர் ஆண்டர்சனிடம் பேசும்போது பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையைப் படிக்கச் சொல்கிறார். ரஜினி பேசிப் பேசியே நம் வீடுகளுக்குள் வந்த அதே புத்தகம். சில நாள் கழித்து டோக்கியோ ஹோட்டலில் ஆண்டர்சன் அதைப் படிக்கிறார். 83-ஆம் பக்கத்தில் ஓர் அடிக்குறிப்பு: சாஸ்திரங்கள் நான்கு வகை, சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம். அவ்வளவுதான். ஒரு அடிக்குறிப்பிலிருந்து நான்கு பக்க இசை.

---

டபுள்பேஸ் | சனி, மதியம் 1:15

அண்ணா, நான் மெட்டல் ஆள். ஓபெத், டூல், ட்ரீம் தியேட்டர் வழியாக இந்தப் பக்கம் வந்தவன். 2007-இல் அயர்ன் மெய்டன் அரண்மனை மைதானத்தில் வாசித்ததைச் சித்தப்பா கதை கதையாகச் சொல்லித்தான் எனக்கு ராக்கே அறிமுகம். இந்த ஆல்பத்தை மூன்று தடவை ஆரம்பித்துவிட்டேன், ஒரு தடவையும் முடிக்கவில்லை. எங்கே பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை. ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) இல்லை. ஒரு இடம் பிடித்துப்போய் தலையாட்ட ஆரம்பித்தால் அதற்குள் அதை விட்டுவிட்டு வேறு எங்கோ போய்விடுகிறார்கள். எந்தப் பதிப்பைக் கேட்பது, எங்கிருந்து தொடங்குவது, யாராவது சொல்லுங்கள்.

---

ததிங்கிணதொம் | சனி, மாலை 4:30

தம்பிக்கு நான் சொல்கிறேன். நான் மல்லேஸ்வரத்தில் இருக்கிறேன், பதினாறு வருடமாக மிருதங்கம். ராக் எனக்குப் பிற்பாடு வந்தது.

இந்த ஆல்பத்தில் முதலில் என்னை உட்கார வைத்தது மூன்றாம் பக்கம்தான், ஏரிக்கரை சார் சொன்னது போல. நேராகத் தாளத்தில் இறங்குகிறது. ஆலன் வைட் ஒரு நடையைப் போடுகிறார், அதன் மேல் ஹவ்வின் ஸ்டீல் கிட்டார் வழுக்கி வழுக்கிப் போகிறது. அந்தச் சறுக்கலை முதலில் கேட்டபோது சுருதி விலகுகிறது என்றே நினைத்தேன். பத்தாவது தடவை கேட்டபோது அது பேசுவதுபோல் இருந்தது, கோபமாக, இழுத்து இழுத்து. எண்ணிக்கை அடிக்கடி மாறும். கையில் தாளம் போட்டுப் பார்த்தேன், ஒரு இடத்தில் ஐந்தாக வரும், அடுத்த நொடி ஏழுக்குப் போன மாதிரி இருக்கும், அப்புறம் நம்மை நடுத்தெருவில் விட்டுவிடும். கண்டம் (ஐந்து), மிஸ்ரம் (ஏழு) பழகியவர்களுக்கு இது பயமுறுத்தும் விஷயம் இல்லை. நமக்குக் கஷ்டம் வேறு இடத்தில். கணக்கு எங்கே முடிகிறது, தாளத்தின் முதல் அடியான சமம் எங்கே விழுகிறது என்று நம் காது தேடும். இங்கே முடிப்பு விழாது. முடிப்புக் கணக்கான கோர்வை வந்து உட்காரும் அந்தச் சுகத்தைத் தரமாட்டார்கள். அதை எதிர்பார்ப்பதை நிறுத்திய அன்றுதான் எனக்குக் கதவு திறந்தது.

நாலாம் பக்கத்தில் வரும் பெரிய தாளப் பகுதியும் அப்படித்தான். அதைத் தனி ஆவர்த்தனம் (கச்சேரியில் மிருதங்கம் தனியாக வாசிக்கும் பகுதி) என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், எனக்கு ஏற்பில்லை. தனியில் பேச்சு இருக்கும், கேள்வி பதில் இருக்கும், குறைப்பு இருக்கும். இது பெங்களூர்க் கரகத் திருவிழா ராத்திரி. திகளர்பேட்டைப் பக்கம் சைத்ர மாதப் பௌர்ணமி அன்று நின்றவர்களுக்குத் தெரியும். தர்மராய சுவாமி கோயிலிலிருந்து கரகம் கிளம்பும் முன்னால் மேளத்தைக் காது கேட்பதில்லை, நெஞ்சுதான் கேட்கும். அங்கே யாரும் அட்சரம் எண்ணுவதில்லை. இந்தப் பகுதியில் டிரம்மர் மட்டுமல்ல, குழுவின் மற்றவர்களும் தாளக் கருவி எடுத்துக்கொண்டு சேர்ந்து அடிக்கிறார்கள். வித்தை காட்டும் இடம் இல்லை அது. பாட்டுக்குப் பெயரே ‘ரிச்சுவல்’, சடங்கு.

---

கேள்விச்செல்வம் | சனி, இரவு 8:10

அன்பர்களே, எனக்கு ராக் இசையில் பெரிய பயிற்சி இல்லை. மகன் கேட்பான், பக்கத்து அறையில் நான் கேட்பேன். ஆனால் அந்த நான்கு வகை என்ற பேச்சு வந்தவுடன் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சுருதி என்றால் கேட்கப்பட்டது. நம் பழைய நூல்களில் வேதத்துக்குக் ‘கேள்வி’ என்றே ஒரு பெயர் உண்டு. ‘எழுதாக் கற்பு’ என்று குறுந்தொகை சொல்லும். எழுதி வைக்காமல் காதால் வாங்கிக் காதுக்குக் கொடுப்பது. இப்போது முதல் பக்கத்தைக் கேட்டேன். முதல் ஒன்றரை இரண்டு நிமிடம் என்ன செய்கிறார்கள்? தாழ்ந்த குரலில் ஏறக்குறைய ஒரே நிலையில் நின்று ஓதுகிறார்கள். வார்த்தைகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறுகின்றன, குரல்கள் கூடுகின்றன, பிறகுதான் இசைக்கருவிகள் திறக்கின்றன. வேத பாடசாலையில் பிள்ளைகள் சந்தை சொல்வதை, அதாவது குருவைப் பின்பற்றித் திரும்பத் திரும்ப ஓதுவதை, நான் கேட்டிருக்கிறேன். அந்த மூச்சு இதில் இருக்கிறது. அவர்கள் அதைத் தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, ‘கேட்டல்’ என்பதை விளக்காமல் செய்து காட்டுகிறார்கள்.

நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. தமிழில் சுருதி என்றால் யாரும் முதலில் வேதத்தை நினைப்பதில்லை, தம்பூராவைத்தான் நினைப்போம். அந்த இரண்டு பொருளும் முதல் பக்கத்துக்குப் பொருந்துவது எனக்கு மகிழ்ச்சி அளித்தது.

ஸ்மிருதி என்பது நினைவு. இரண்டாம் பாட்டின் பெயர் ‘தி ரிமெம்பரிங்’. இது நேர் மொழிபெயர்ப்பு. நினைவு என்பது வேகமாக நடக்காது. ஹெப்பால்வாசி நிரப்பல் என்று சொன்ன இடத்தை இந்தக் கோணத்தில் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாமே.

---

ஹெப்பால்வாசி | சனி, இரவு 9:25

ஐயா, வணக்கம். உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். முதல் பக்கத்தின் ஓதலைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. பேருந்தில் கேட்டதால் அந்த ஆரம்பமே எனக்குக் காதில் விழாமல் போயிருக்கிறது, வண்டி இரைச்சல் விழுங்கிவிடும்.

ஆனால் தலைப்பு நினைவு என்பதால் தளர்வு சரியாகிவிடுமா? அப்படிப் பார்த்தால் தூக்கத்தைப் பற்றிய பாட்டில் நாம் தூங்கிவிட்டால் அதையும் பாராட்ட வேண்டும்.

வேறொரு சந்தேகமும் இருக்கிறது. ஒரு அடிக்குறிப்பைப் படித்துவிட்டு நான்கு சாஸ்திரத்தையும் இசையாக்குகிறேன் என்று கிளம்புவது மேலோட்டமான வேலை இல்லையா? நம் வீட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் அலமாரியில் அழகுக்கு வைத்த மாதிரி எனக்குத் தோன்றும்.

---

அல்சூர் ஏரிக்கரை | சனி, இரவு 10:50

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுத வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் மேற்கத்திய ராக்கில் இந்தியா என்றால் எப்படி வரும்? தம்பூரா ஒலிக்கும், தபலா தட்டும், ஒரு ஊதுபத்திப் புகை. இந்த ஆல்பத்தில் அந்த வாசனைத் தூவல் இல்லை. நம் ராகம் எதையும் பாட முயலவில்லை. வேதம் சொல்வது இதுதான் என்று பாடம் எடுக்கவும் இல்லை. நான்கு சொற்களை எடுத்துக்கொண்டார்கள், அந்த நான்குக்கும் தங்கள் ஊர்ச் சரக்கிலேயே வழி தேடினார்கள்: தேவாலயப் பாடகர் குழுவின் குரலடுக்கு, ஆங்கில நாட்டுப்புறக் கிட்டார், பதிவு செய்த ஒலிகளை நாடாவிலிருந்து வாசிக்கும் மெல்லோட்ரான் என்ற கீபோர்டு, மூக் என்ற மின்னணுச் சிந்தசைசர். கடன் வாங்கியது சட்டகத்தை மட்டும்தான். அடிக்குறிப்பு மேலோட்டமானது என்பதை மறுக்கவில்லை. அதன் மேல் கட்டிய கட்டடம் மேலோட்டமாக இல்லை.

மூன்றாம் பக்கத்தில் ஒரு இடம். தாளமும் ஸ்டீல் கிட்டாரும் மோதிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஆண்டர்சன் சூரியனுக்குப் பல மொழிகளில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக ஓதுவார். அதில் ‘தூப்’ என்று ஒன்று வரும். நம் தமிழ் தூபம் இல்லை, இந்திக்காரர் வெயிலுக்குச் சொல்லும் வார்த்தை. பதினெட்டு வயதில் அந்த இடத்துக்கு முன்னாலேயே நான் எழுந்து போயிருந்தேன். இருபத்தெட்டில் ஒரு மே மாத மத்தியானம், கரண்ட் போய், பேட்டரியில் ஓடும் பிளேயரில் கேட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே அல்சூர் ஏரி வெயிலில் தகதகவென்று கிடந்தது. ‘தூப்’ என்றார். நிமிர்ந்து உட்கார்ந்தேன். பழைய நாகரிகங்கள் எல்லாம் அழிந்துபோனதைப் பற்றிய பாட்டு அது. எல்லா ஊரிலும் மனிதர்கள் ஒரே சூரியனைக் கூப்பிட்ட வார்த்தைகள் மட்டும் மிச்சம். அந்த முரட்டுச் சத்தம் ஏன் என்று அன்றைக்குப் புரிந்தது. இடிந்து விழுகிறவற்றின் நடுவில் அந்தப் பெயர்களைச் சொல்கிறார்.

அதே பக்கத்தின் கடைசி ஐந்தாறு நிமிடத்தில் எல்லாம் அடங்கி, ஹவ் தனியாக கிளாசிக்கல் கிட்டாரைக் கையில் எடுக்கிறார். நரம்பின் மேல் விரல் உரசுவது வரை கேட்கும். அப்புறம் மெதுவாக ஒரு பாட்டு, பச்சை இலைகளைப் பற்றி. யெஸ் பாடிய மிக எளிய, மிக அழகான இடங்களில் அதற்கு முதல் இடம் தருவேன். நேராக அங்கே தாவிப் போய்க் கேட்டால் அழகான கிட்டார், அவ்வளவே. பன்னிரண்டு நிமிடம் அந்த இடிபாட்டுக்குள் நடந்து வந்து கேட்டால் கண் கலங்கும். எனக்குக் கலங்கும்.

ஸ்டூடியோ கதையும் சொல்லிவிடுகிறேன். காட்டுக்குள் கூடாரம் போட்டு ஒலிப்பதிவு செய்ய வேண்டும் என்று ஆண்டர்சனுக்கு ஆசை. ஸ்குவயரும் ஹவ்வும் லண்டன்தான் என்றார்கள். கடைசியில் லண்டன் மார்கன் ஸ்டூடியோவுக்குள் வைக்கோலும், வெள்ளை மரவேலியும், அட்டையில் வெட்டிய ஒரு பசுவும் கொண்டுவந்து வைத்தார்கள். இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த ஆசை பிடிக்கும். பாடும் இடம் பாட்டுக்குள் வரும் என்று நம்பிய மனிதர் அவர்.

---

பழைய ஊசி | ஞாயிறு, காலை 6:15

தம்பிகளா, காலை வணக்கம். காக்ஸ் டவுனில் இருக்கிறேன், வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது. இந்த எல்பி என்னிடம் இருக்கிறது. கப்பலில் வேலை பார்த்த என் அண்ணன் கொண்டுவந்து கொடுத்தது.

பதிப்பு கேட்ட டபுள்பேஸ் தம்பிக்கு: 2003-இல் வந்த குறுந்தகட்டில் முதல் பாட்டுக்கு முன்னால் கடல் ஒலியோடு இரண்டு நிமிட முன்னுரை ஒன்று சேர்த்திருப்பார்கள். எல்பியில் அது கிடையாது. 2016-இல் ஸ்டீவன் வில்சன் என்ற இசைக்கலைஞர் மூல ஒலிப்பதிவுகளை மறுபடி கலந்து கொடுத்த பதிப்பு இருக்கிறது. பழைய கலவையில் பேஸும் மெல்லோட்ரானும் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக் கொஞ்சம் புகைமூட்டமாக இருக்கும். வில்சன் ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி செய்திருக்கிறார். ஹெட்போனில் கேட்பவர்கள் அதையே எடுங்கள். எனக்கு அந்தப் புகைமூட்டம் பழகிவிட்டது, அது என் வயதுப் பழக்கம்.

வேக்மனைப் பற்றி ஒரு சேதி, மெட்டல் தம்பிக்குப் பிடிக்கும். யெஸ் மார்கனில் பதிவு செய்துகொண்டிருந்த அதே சமயம் மெட்டல் குழுவான பிளாக் சப்பாத்தும் அங்கே வேலை செய்துகொண்டிருந்தார்கள். வேக்மன் அங்கே போய் அவர்களுடைய ‘சப்ரா கடப்ரா’ பாட்டுக்குக் கீபோர்டு வாசித்தார். யெஸ் அறையில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. அதனால்தான் ஹெப்பால்வாசி தம்பியிடம் சொல்கிறேன், வேக்மன் பேச்சுக்கு மதிப்பு உண்டு, ஆனால் அது மனம் ஒட்டாமல் வாசித்த ஒருவரின் பேச்சு. அப்படியிருந்தும் இரண்டாம் பக்கத்தில் அவர் மெல்லோட்ரானில் விரித்து வைத்திருக்கும் மேகத்தைக் கேளுங்கள். பிடிக்காமல் செய்த வேலையிலேயே அந்த அழகு!

இன்னும் ஒன்று. 1973 நவம்பரில் பிரிட்டனில் இதை மேடையில் முழுசாக வாசித்தார்கள். அப்போது எல்பி கடைக்கே வந்திருக்கவில்லை. வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பழக்கமே இல்லாத எண்பது நிமிட இசை. அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மரியாதை வருகிறது.

எல்லோரும் பக்கம் பக்கம் என்று எழுதுகிறீர்கள், ஆனால் பாதிப் பேர் பக்கம் திருப்பியதே இல்லை. என் பிளேயரின் பெல்ட் இரண்டு மாதம் முன்னால் தளர்ந்துபோய்விட்டது. எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் வாங்கியது அளவு பொருந்தவில்லை, இன்னொரு கடையில் கிடைத்தது. இப்போது நன்றாக ஓடுகிறது. இன்று மாலை மூன்று மணிக்கு வர முடிந்தவர்கள் வாருங்கள். தனிச்செய்தியில் முகவரி தருகிறேன். இரண்டாம் பக்கம் முடிந்ததும் காபி. மூன்றாம் பக்கம் ஓடும்போது பேச்சு வேண்டாம்.

---

ததிங்கிணதொம் | ஞாயிறு, காலை 8:00

ஐயா, நான் வருகிறேன். ஏரிக்கரை சார் வருவார் என்று தெரியும். ஹெப்பால்வாசி, நீங்கள்தான் கட்டாயம் வர வேண்டும்.

---

டபுள்பேஸ் | ஞாயிறு, காலை 11:30

ஒயிட்ஃபீல்டிலிருந்து மெட்ரோவில் கிளம்புகிறேன் ஐயா. சப்பாத் சேதிக்கு நன்றி, அந்தப் பாட்டை நூறு தடவை கேட்டிருப்பேன், கீபோர்டு யார் என்று பார்த்ததே இல்லை.

---

கேள்விச்செல்வம் | ஞாயிறு, மதியம் 12:45

முழங்கால் வலி, படியேற முடியாது. வீட்டிலேயே மூன்று மணிக்கு மகனோடு உட்கார்ந்து கேட்கிறேன். நீங்கள் அங்கே, நாங்கள் இங்கே. சேர்ந்து கேட்டதாகவே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

---

ஹெப்பால்வாசி | ஞாயிறு, இரவு 10:35

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன். ஐயாவுக்கும் வீட்டில் அம்மாவுக்கும் முதலில் நன்றி. அந்தக் காபிக்கும் மிக்சருக்கும் தனியாக.

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். முதல் பக்கம்: அந்த ஓதலை முதல் தடவையாகக் கேட்டேன். பேருந்தில் நான் இத்தனை நாள் கேட்டது வேறு ஏதோ. பாட்டின் பிற்பகுதியில் வரும் வேக்மனின் மூக் சோலோவுக்கு டபுள்பேஸ் தம்பி என் தொடையில் தட்டினான், எனக்கும் தட்டத் தோன்றியது.

இரண்டாம் பக்கம்: என் கருத்தில் மாற்றமில்லை. ஐந்து நிமிடம் குறைத்திருக்கலாம். ஆனால் பாட்டில் ஓரிடத்தில் ‘ரிலேயர்’ என்ற வார்த்தை வந்ததும் பழைய ஊசி ஐயா விரலைத் தூக்கிக் காட்டினார். 1974-இல் வந்த அடுத்த ஆல்பத்தின் பெயர் அது. வேக்மன் போன பிறகு செய்த அந்த ஆல்பத்தை நான் தலையில் வைத்துக் கொண்டாடுகிறேன். அதன் பெயர் நான் நிரப்பல் என்று தள்ளிய பாட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. இது எனக்கு இத்தனை வருடம் தெரியவில்லை.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். பாட்டு முடிந்தது. ஊசி உள்வட்டத்துக்குப் போய் ‘டிக், டிக்’ என்று சுற்றிக்கொண்டிருந்தது. ஐயா உடனே எழுந்திருக்கவில்லை. ஐந்து பேரும் பேசாமல் இருந்தோம். தெருவில் பூக்காரர் குரல் கேட்டது. பிறகு அவர் எழுந்து, தட்டை எடுத்து உறைக்குள் போட்டு, இரண்டாவது தட்டை எடுத்து, துணியால் துடைத்து, வைத்தார். காபி வந்தது. இந்த இருபது நிமிட இடைவெளி என் போனில் இல்லை. அங்கே ஒன்று முடிந்த அரை நொடியில் அடுத்தது வந்து விழும். நான்கு பாட்டையும் ஒரே மலைப்பாம்பாகத்தான் நான் இதுவரை விழுங்கியிருக்கிறேன்.

மூன்றாம் பக்கம்: யாரும் பேசவில்லை. ததிங்கிணதொம் அக்கா மட்டும் மடியில் விரலால் எண்ணிக்கொண்டிருந்தார், பாதியில் எண்ணுவதை விட்டுவிட்டார். ‘தூப்’ வந்ததும் ஏரிக்கரை சார் ஜன்னல் பக்கம் திரும்பினார். பச்சை இலைப் பாட்டு வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இதை நான் எழுதுவேன் என்று நேற்றுவரை நினைக்கவில்லை.

நாலாம் பக்கத்தில் ஸ்குவயரின் பேஸ் சோலோவின்போது மேசை மேல் இருந்த டம்ளர் அதிர்ந்தது. அந்த மேளப் பகுதி அக்கா சொன்னபடியே கரகம்தான். அது ஓய்ந்து, பியானோ வந்து, நாங்கள் சூரியனுக்குரியவர்கள் என்ற அந்தப் பிரெஞ்சு வரியைத் திரும்ப மெதுவாகப் பாடியபோது, மூன்றாம் பக்கத்தில் ஒவ்வொன்றாக ஓதிய சூரியன் பெயர்கள் எல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தன. முன்பு அந்த வரியைக் கேட்டபோது எதுவும் நினைவுக்கு வந்ததில்லை.

ஏரிக்கரை சார், மையம் மூன்றாம் பக்கம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். இரண்டாம் பக்கத்தைப் பற்றி இன்னும் சண்டை போடுவேன்.

---

அல்சூர் ஏரிக்கரை | ஞாயிறு, இரவு 11:10

போடுங்கள், அதற்குத்தானே இழை. எழுந்து போன நண்பருக்கு இப்போதுதான் போன் செய்தேன். அடுத்த ஞாயிறு மூன்றாம் பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கலாம் என்று சொன்னேன், வருகிறேன் என்றார். பழைய ஊசி ஐயா, இன்னொரு நாற்காலி இருக்குமா?

---

பழைய ஊசி | திங்கள், காலை 6:05

இருக்கிறது. ஆனால் மூன்றிலிருந்து வேண்டாம் தம்பி. ஒன்றிலிருந்தே போடுவோம். அவரை இந்தத் தடவை காபிக்குப் பிறகு ஜன்னலோரமாக உட்கார வையுங்கள்.